பித்தளைத் திசைகாட்டியைப் பரிசாக விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்ததும் கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் முகூர்த்தக் கூட்டம் நெரிகிறது. குத்துவிளக்கும் தஞ்சாவூர்த் தட்டும் கொடுத்துச் சலித்தவர்கள் இப்போது பழைய பாணிப் பித்தளைத் திசைகாட்டி கேட்கிறார்கள். அதை நம்பிப் புதிதாகக் கடை போடுகிறவர்கள், நாங்களெல்லாம் பட்டுத் தெளிந்த தவறுகளையே மறுபடி செய்கிறார்கள். கீறல் விழுந்த கண்ணாடி, தேய்ந்த கீல் போன்றவை யார் கண்ணுக்கும் தெரியும், அவற்றை விடுகிறேன்.

காந்த மூடிப் பெட்டி

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. திசைகாட்டியைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். பிறகு அழகுக்காக, மூடினால் 'டப்' என்று ஒட்டிக்கொள்ளும் அட்டைப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அந்த மூடியில் இருப்பது நியோடிமியம் காந்தம். திசைகாட்டியின் முள்ளோ காந்தமேற்றிய மெல்லிய எஃகு. முள் தடையின்றிச் சுழன்றால் காந்தத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு ஓரளவு தப்பித்துவிடும். ஆனால் மூடி வைத்த பல திசைகாட்டிகளில், மூடியதும் ஒரு சிறு நெம்புகோல் முள்ளை ஊசிமுனையிலிருந்து தூக்கிக் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஊசிமுனை தேயாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அசைய முடியாத முள்மீது எதிர்த்திசையில் காந்தப்புலம் பாய்ந்தால் அதன் முனைகளே இடம் மாறிவிடும். பிறகு 'வ' என்ற முனை தெற்கைக் காட்டும்.

பாபநாசம் பக்கத்து இளைஞர் ஒருவர் கிரகப்பிரவேச வீட்டுக்கு இப்படி ஒரு பெட்டியை விற்றார். வீட்டுக்காரர் விருந்தினர் நடுவே அதைத் திறந்து வாசற்படியில் வைத்தார். கிழக்கு வாசல் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு மேற்கு வாசலாகிவிட்டது. அந்த அம்மாள் முகம் வெளுத்துப்போக, மேஸ்திரியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பரிசு கொடுத்தவருக்கு அவமானம். கடைக்காரருக்கு அந்த ஊரிலேயே வியாபாரம் போயிற்று.

துணி உள்ளிட்ட மரப்பெட்டி போதும். அதிலும் கொக்கி பித்தளையாக இருக்கட்டும். ஒலிபெருக்கி, காந்தம் வைத்த கைப்பேசி உறை ஆகியவற்றின் அருகில் சரக்கை அடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் கொடுப்பதற்கு முன் வெளியே எடுத்துச் சென்று, இரும்பு பீரோவும் கான்கிரீட் கம்பியும் இல்லாத இடத்தில் சரிபாருங்கள். கிழக்கு நோக்கிய கோயில் இருந்தால் இன்னும் எளிது: தஞ்சைப் பெரிய கோயிலில் நந்திக்குப் பின்னால் நின்று விமானத்தைப் பார்த்தால் எதிரே மேற்கு, வலக்கைப் பக்கம் வடக்கு.

முலாம் பூசிய இரும்பைப் பித்தளை என்று நம்புவது

பித்தளை முள்ளை இழுக்காது. கூட்டை அதில் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம். மூடியைத் திறந்து மூடும்போது முள் கூடவே அசைந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். சோதிப்பதற்குக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

புளி போட்டுத் துலக்குவது

கூடவே கூடாது. பழுப்பேற்றிய மேல்பூச்சு போய்விடும், தண்ணீரும் உள்ளே இறங்கும்.

முள் சாய்ந்தால் பழுது என்று திருப்பி அனுப்புவது

பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிக்கு அருகே செல்கிறது. அதனால் டெல்டாவில் முள் கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்க வேண்டும். ஐரோப்பாவில் முள்ளின் வட முனை கீழே சாயும் என்பதால், அங்கே விற்பதற்குச் செய்தவற்றில் தென் முனையில் எடை சேர்த்திருப்பார்கள். இங்கே வந்தால் அந்த முனை தாழ்ந்து தட்டில் உரசும். குறை பொருளில் இல்லை. வாங்கும்போதே எந்த ஊருக்கென்று செய்தது என்று கேளுங்கள்.

பழமை என்று பொய் சொல்வது

இந்தச் சரக்கில் பெரும்பங்கு ரூர்க்கியிலும் மொராதாபாத்திலும் புதிதாகச் செய்யப்படுவது. தட்டில் லண்டன் என்றும் பழைய ஆண்டு என்றும் பொறித்திருப்பது அலங்காரம்தான். அதைக் காட்டி 'நூறு வருஷத்துப் பொருள்' என்று விற்பது ஏமாற்று. உண்மையிலேயே நூறாண்டு கடந்த கலைப்பொருளாக இருந்தால் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பவும் முடியாது. நாச்சியார்கோவில் வேலை என்றும் சொல்லாதீர்கள். அந்த ஊர் விளக்குக் கம்மியர் வார்த்தெடுக்கும் பொருள் வேறு, அவர்கள் பெயரை இதில் ஒட்டுவது அவர்கள் உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

பெயர் பொறிப்பது

மூடியைக் கழற்றிய பிறகுதான். கூட்டோடு வைத்துத் தட்டினால் ஊசிமுனை மழுங்கும்.