பால் வாசனை சென்ட் வீட்லயே கலக்குறது எப்படி

முதல்ல ஒண்ணு, வீட்ல பால்ல இருந்து நேரா சென்ட் எடுக்க முடியாதுங்க, மூலப்பொருள்களை கலந்துதான் அந்த வாசத்தை உருவாக்கணும். வெண்ணெய் உருக்கி நெய் இறக்குறப்ப வீடு பூரா ஒரு கிரீம் மாதிரி வாசம் வருமே, அதுக்கு ஒரு முக்கிய காரணம் லாக்டோன்ங்கிற வாசனைப் பொருள்கள். நம்ம கிருஷ்ணகிரி மாம்பழத்துலயும் லாக்டோன் உண்டு, பழுத்த பழத்தை கீறி முகர்ந்து பாருங்க, அந்த கிரீம் மாதிரி அடிவாசம் தெரியும், எனக்கு இதை கத்துக்குடுத்ததே அந்த பழம்தான்.

கீழ சொல்ற ஒவ்வொண்ணையும் தனித்தனியா சென்ட் கலக்குற ஆல்கஹால்ல (எத்தனால்) 10 சதவீதமா கரைச்சு வச்சுக்கங்க. டெல்டா டெக்காலாக்டோன் (கிரீம் வாசம் தர்ற லாக்டோன்) 10 சொட்டு, வனிலின் (வெனிலா வாசம் தர்றது) 5, சந்தன எண்ணெய் 8, காமா நோனாலாக்டோன் (தேங்காய் வாசம் தர்ற லாக்டோன்) 2 மட்டும், அது கூடினா தேங்காய் பர்பி மாதிரி ஆயிடும். சந்தனத்தை மட்டும் விட்டுடாதீங்க, அதுதான் அடிவாசமா கடைசி வரைக்கும் நிக்கும்.

நிஜ வெண்ணெய் மாதிரி வேணும்னா பியூட்ரிக் ஆசிட் (வெண்ணெய்லயே இருக்குற ஒரு அமிலம்) சேர்க்கலாம், ஆனா அதை 1 சதவீதத்துக்கும் கீழ கரைச்சு ஊசி முனை அளவு தொட்டா போதும், கூடுச்சுன்னா குழந்தை கக்குன பால் நாத்தம்தான் வரும், திருப்பி சரி பண்ணவே முடியாது. ரெண்டு வாரம் இருட்டுல வச்சிட்டு, முழங்கை மடிப்புல ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாத்துட்டு அப்புறம் போடுங்க.