சனிக்கோள் மாதிரி: வளையத்தைத் தொங்கவிடாமல், சாய்வோடு செய்வது எப்படி?

சனியைக் குழந்தைக்கு அறிமுகப்படுத்தும் மாதிரியில் இரண்டு விஷயங்கள் தவறக்கூடாது. வளையம் கோளைத் தொடாது. கோள் சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றும். பந்தைச் சுற்றிப் பழைய சிடியை மாட்டினால் முதலாவது போய்விடும். அதற்கு ஓஎச்பி ஷீட் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்தான் சரி.

தேவை: 6 செ.மீ. விட்டமுள்ள தெர்மாகோல் உருண்டை, ஓஎச்பி ஷீட், பெர்மனென்ட் மார்க்கர், அக்ரிலிக் பெயிண்ட், இருபக்க டேப், உப்புத்தாள், மூங்கில் குச்சி, அடித்தளத்துக்கு ஒரு தெர்மாகோல் கட்டை, கவராயம், பாகைமானி. இந்த அளவில் 1 செ.மீ. என்பது சுமார் 20,000 கி.மீ.

1. உருண்டையைப் பெரியவர் யாராவது சரிபாதியாக வெட்டவும். ஒவ்வொரு பாதியின் தட்டையான பக்கத்தையும் உப்புத்தாளில் 3 மி.மீ. குறையும்வரை தேய்க்கவும். சனி வேகமாகச் சுழல்வதால் துருவங்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தட்டையானது. இப்படித் தேய்த்தால் உயரம் 5.4 செ.மீ. ஆகிவிடும், அகலம் அதிகம் குறையாது.

2. வெள்ளைத்தாளில் ஒரே மையத்திலிருந்து 3.7, 4.6, 5.9, 6.1, 6.8 செ.மீ. ஆரங்களில் வட்டம் வரையவும். மேலே ஷீட்டை வைத்து மார்க்கரால் நகலெடுக்கவும். சனியின் முக்கிய வளையங்களுக்கு உள்ளிருந்து வெளியே சி, பி, ஏ என்று பெயர். 3.7 முதல் 4.6 வரை சி வளையம், மங்கலாக. 5.9 வரை பி, நன்றாக அடர்த்தியாக. அடுத்த 2 மி.மீ. பி, ஏ வளையங்களுக்கு நடுவிலுள்ள காசினி இடைவெளி, நிறம் வேண்டாம். மிச்சம் ஏ வளையம். வெளிவட்டத்தில் வெட்டவும், நடுவில் ஓட்டை போட வேண்டாம். 3.7-க்கு உள்ளே தெளிவாக விட்ட பகுதிதான் வளையத்தைத் தாங்குகிறது.

3. அரைக்கோளங்களுக்கு வெளிர்மஞ்சள் பெயிண்ட். குச்சியில் குத்திச் சுழற்றி, தூரிகையை அசையாமல் பிடித்தால் பட்டைகள் இணையாக விழும். ஸ்ப்ரே பெயிண்ட் வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துவிடும்.

4. ஷீட்டை நடுவில் வைத்து இரு பாதிகளையும் டேப்பால் ஒட்டவும். பலரும் சறுக்குவது இங்கேதான். வெள்ளைப் பசை இங்கே உதவாது: ஷீட், தெர்மாகோல் இரண்டும் ஈரம் உறிஞ்சாததால் நாள்கணக்கில் காயாமல் வளையம் நழுவும். பிறகு குச்சியை மையம் வழியாக, ஷீட்டுக்குச் செங்குத்தாகச் செலுத்தவும்.

5. செங்குத்திலிருந்து 27 பாகை சாய்த்துக் கட்டையில் குத்தவும்.

இப்போது குழந்தையைச் சூரியனின் இடத்தில், நடுவில் உட்கார வைத்து, மாதிரியைக் கண்மட்டத்தில் பிடித்துச் சுற்றி வாருங்கள். குச்சியின் மேல்முனை எப்போதும் ஒரே சுவரை நோக்கியே சாய்ந்திருக்க வேண்டும். நடக்க நடக்கக் கை தானாகத் திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் மாற்றம் எதுவும் தெரியாது. சரியாகச் செய்தால் ஒரு சுற்றில் இரண்டு முறை வளையம் விரியும், இரண்டு முறை வெறும் கோடாகும். 1610-ல் கோளின் இருபுறமும் ஏதோ இருப்பதைக் கண்ட கலிலியோ, 1612-ல் அவை மறைந்ததும் குழம்பினார். கோளைத் தொடாத, சாய்ந்த, தட்டையான வளையம்தான் காரணம் என்று 1659-ல் நெதர்லாந்து வானியலாளர் ஹைகன்ஸ் விளக்கினார். சனி ஒருமுறை சுற்றிவர 29.5 ஆண்டுகள், வளையம் கடைசியாக இப்படிக் கோடானது 2025 மார்ச்சில்.

ஷீட் 0.1 மி.மீ. தடிமன் என்றால் நம் அளவில் அது 200 கி.மீ. உண்மையில் வளையத்தின் தடிமன் பெரும்பாலான இடங்களில் 10 மீட்டர் அளவுதான். பக்கத்தில் 6 மி.மீ. மணி ஒன்றை வையுங்கள். அது பூமி.

பின்சேர்க்கை: வேறு அளவு உருண்டைதான் கிடைத்ததா? அதன் ஆரத்தை 1.24, 1.53, 1.95, 2.03, 2.27 ஆகியவற்றால் பெருக்கினால் ஐந்து வட்டங்களின் ஆரங்களும் கிடைக்கும். 9 செ.மீ. விட்டத்துக்கு மேல் போனால் வளையம் ஏ4 ஷீட்டின் அகலத்தில் அடங்காது.