சொதிக்குத் தோதான ஃபிங்கர் சிப்ஸ்: ஏர் ஃப்ரையரில் மொறுமொறுப்பாக வருவதற்கு

திருநெல்வேலி வீடுகளில் சொதி வைக்கிற நாளில், இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் விழாமல் இலை நிறைவதில்லை. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்களுமாகக் காரம் அதிகமில்லாமல் இருக்கும் அந்தக் குழம்புக்குப் பக்கத்தில், பல்லில் நொறுங்கும் உப்புச்சுவை ஒன்று இருந்தாக வேண்டும். வட்ட வட்டமாகச் சீவிப் பொரித்த சிப்ஸ்தான் வழக்கம் என்றாலும், ஓட்டல்களில் ஃபிங்கர் சிப்ஸ் என்றும் பிரெஞ்சு ஃப்ரைஸ் என்றும் தருகிற நீளத் துண்டுகளைத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள். சட்டி நிறைய எண்ணெய் காய்ச்சாமல் அதை ஏர் ஃப்ரையரில் செய்துவிடலாம் என்று நம்பி, முதல் முறை ஒரு கிலோ கிழங்கை நறுக்கிக் கழுவிய கையோடு கூடையில் அடைத்து 200 டிகிரியில் வைத்தேன். அரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது, மேலே கிடந்தவை முனை கருகியும், அடியில் கிடந்தவை ஆவியில் அவித்த சீனிக்கிழங்கைப் போலத் துவண்டும் கிடந்தன. அன்றைக்குச் சொதியை அப்பளத்தோடு சாப்பிட்டோம்.

பழுது இயந்திரத்தில் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. பெயரில் பொரிப்பது என்று இருந்தாலும் ஏர் ஃப்ரையர் எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு கம்பிச்சுருளும் அதற்கு மேல் ஒரு விசிறியும் வைத்து, சுடுகாற்றை வேகமாகச் சுழற்றுகிற சின்ன அடுப்பு அது. கொதிக்கும் எண்ணெய் துண்டின் எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொண்டு சூட்டைக் கொடுப்பதால், மேற்பரப்பில் இருக்கிற ஈரம் சடசடவென்று ஆவியாகி ஓடிவிடுகிறது. காற்றுக்கு அந்த வலு கிடையாது. துண்டு ஈரத்தோடு உள்ளே போனால், அந்த ஈரத்தை விரட்டுவதிலேயே காற்றின் சூடெல்லாம் செலவாகி, மேல்தோல் காயும் முன்பே உட்பகுதி வெந்து குழைந்துவிடும். பச்சை உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர்தான் என்பதை நினைவில் வைத்தால், மொறுமொறுப்பு என்பது கூடைக்குள் போவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிற காரியம் என்பது புரியும்.

ஆகவே கிழங்கிலிருந்து தொடங்க வேண்டும். நயினார்குளம் சந்தையிலோ மகாராஜ நகர் உழவர் சந்தையிலோ வாங்கும்போது, பெரியதாக, நீளவாக்கில், கல்போல இறுக்கமாக இருக்கிற பழைய கிழங்காகப் பொறுக்குவது நல்லது. நகத்தால் கீறினால் தோல் உரிந்து வருகிற புதுக்கிழங்கில் நீர் அதிகம். அது குருமாவுக்கு நன்றாக இருக்கும், இதற்கு ஆகாது. மாவுச்சத்து மிகுந்த கிழங்கா, நீர்ச்சத்து மிகுந்த கிழங்கா என்ற ஐயம் வந்தால் வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 100 கிராம் உப்பைக் கரைத்து அதில் கிழங்கைப் போட்டால், மாவுச்சத்து மிகுந்தது அடர்த்தியால் மூழ்கும், நீர்ப்பாங்கானது மிதக்கும். பக்கத்தில் தூத்துக்குடி உப்பளங்களை வைத்துக்கொண்டிருக்கிற நமக்கு உப்புக்குப் பஞ்சமில்லை என்றாலும், ஒவ்வொரு முறையும் இதைச் செய்யத் தேவையில்லை; ஒரு கடைக்காரரிடம் வாங்கும் கிழங்கை ஒருமுறை சோதித்து வைத்துக்கொண்டால் போதும். பச்சை நிறம் ஏறியவற்றையும் முளை விட்டவற்றையும் வாங்க வேண்டாம். வாங்கியதைக் குளிர்பெட்டியிலும் வைக்க வேண்டாம். அந்தக் குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுவதால், உள்ளே வேகும் முன்பே மேலே கறுத்து, வாயில் வைத்தால் லேசான கசப்பு தட்டும். காற்றோட்டமான இருட்டு மூலையில், வெங்காயத்தோடு சேர்க்காமல் வைத்தால் போதுமானது.

நான்கு பேருக்கு அரை கிலோ கிழங்கு என்று வைத்துக்கொள்வோம். தோலைச் சீவிவிட்டு, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு, அதாவது சுண்டுவிரலைவிடச் சற்று மெலிதாக, எல்லாத் துண்டுகளும் ஒரே பருமனாக இருக்கும்படி நறுக்க வேண்டும். அரிவாள்மனையில் கை பழகியவர்களுக்கும் இந்தச் சதுர வெட்டு எளிதாக வராது. பலகையும் கத்தியும்தான் இதற்கு நல்லது. கிழங்கின் நான்கு பக்கத்தையும் ஒப்புக்குச் சீவிச் சதுரமாக்கிக்கொண்டு, பிறகு பலகைகளாகவும் அந்தப் பலகைகளை விரல்களாகவும் வெட்டினால் பருமன் பிசகாது. வெட்டி ஒதுக்கிய ஓரத் துண்டுகளை மறுநாள் பொரியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

நறுக்கியதும் குளிர்ந்த நீரில் போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு, இடையில் இருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். முதல் தண்ணீர் பால் கலங்கியது போல இருக்கும். கத்தி பட்ட இடத்தில் வெளியே வந்த மாவுச்சத்து அது. அதைக் கழுவாமல் விட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதோடு, நிறமும் திட்டுத்திட்டாக ஏறும். கடைசித் தண்ணீரில் பாத்திரத்தின் அடி தெளிவாகத் தெரிந்தால் கழுவியது போதும்.

அடுத்த வேலையைத்தான் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். கூடைக்குப் போகும் முன் துண்டுகளை அரைவேக்காடாக அவித்தாக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும் சேர்த்துக் கொதிக்கவைத்து, துண்டுகளைப் போட்டு, கொதி அடங்கிய தீயில் ஏழு எட்டு நிமிடம் விட வேண்டும். வினிகர் எதற்கு என்று கேட்டால், கிழங்கின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கிற பெக்டின் என்ற பொருள், புளிப்புள்ள நீரில் எளிதில் கரைவதில்லை. அதனால் உள்ளே மாவு வெந்தாலும் துண்டு உடையாமல் விரலாகவே நிற்கிறது. வினிகர் இல்லாத வீட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடலாம். புளிக்கரைசல் மட்டும் வேண்டாம். நான் செய்து பார்த்துவிட்டேன், துண்டுகளெல்லாம் வாழைத்தண்டைக் கறை பிடிக்கவிட்டது போல் பழுப்பேறிப் போயின. பதம் அறிய ஒரு துண்டை அதன் நடுவில் கண்ணகப்பையால் தூக்கிப் பார்க்க வேண்டும்: இரண்டு முனைகளும் லேசாக வளைந்து தொங்க வேண்டும், ஆனால் ஒடிந்து விழக் கூடாது. இந்த வேக்காட்டில் துண்டின் மேற்பரப்பில் மாவுச்சத்து கூழ்போல ஒரு மெல்லிய படலமாகப் பரவுகிறது. பின்னால் காய்ந்து மொறுமொறுப்பாகப் போகிற ஓடு அந்தப் படலம்தான்.

வடிதட்டில் கொட்டி நீரை வடித்துவிட்டு, துண்டுகளைப் பழைய பருத்தி வேட்டியொன்றின் மேல் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, பட்டாசலில், அதாவது கூடத்தில், மின்விசிறியின் கீழ் இருபது நிமிடம் போல விட வேண்டும். சூடாக இருக்கும்போதே பரப்பினால் ஆவி தானாகவே எழுந்து போய்விடும். குவித்து வைத்தால் அந்த ஆவி திரும்பவும் துண்டுகளிலேயே படிந்துவிடும். என் முதல் முயற்சியைப் பார்த்த ஆச்சி, "ஏட்டி, வத்தல் போடுத வீட்டுல வளந்துட்டு, கெழங்க ஈரத்தோட ஏத்துதியே!" என்று கேட்டது இதைத்தான். கூழ் வற்றலை மட்டப்பாவில், அதாவது மொட்டைமாடியில், காயவைத்து, கையில் எடுத்தால் சலசலக்கிறதா என்று பார்த்தபிறகே எண்ணெயில் போடுகிற வீட்டில், இந்தக் கிழங்குக்கு மட்டும் அந்த நியாயத்தை நான் மறந்துவிட்டேன். சித்திரை வெயில் நாளில் பதினைந்து நிமிடத்திலேயே துண்டுகள் உலர்ந்து, மேற்பரப்பு மங்கி, தொட்டால் விரலில் லேசாகப் பசை தட்டும், அதுதான் பதம். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் வீசும்போது தென்காசி, செங்கோட்டைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நாற்பது நிமிடம் பிடித்தாலும் வியப்பில்லை.

உலர்ந்த துண்டுகளை அகலமான பாத்திரத்தில் போட்டு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கையால் மெதுவாகப் புரட்ட வேண்டும். எண்ணெயே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சிறிதளவு எண்ணெய்தான் காற்றின் சூட்டைத் துண்டுக்குச் சீராகக் கடத்துகிறது, அது இல்லாவிட்டால் மேல்தோல் தோல்வாராகக் காய்ந்துபோகும். கடலை எண்ணெய் நன்றாக இருக்கும். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் 175 டிகிரி வாக்கில் புகையத் தொடங்கிவிடும் என்பதால் இதற்குச் சரிவராது. விருப்பமிருந்தால் எண்ணெயோடு ஒரு தேக்கரண்டி பச்சரிசி மாவைத் தூவிப் புரட்டலாம்; ஓடு இன்னும் சற்று நேரம் மொறுமொறுப்பாக நிற்கும். அதற்கு மேல் போட்டால் பஜ்ஜியின் சாயல் வந்துவிடும். உப்பை இப்போது சேர்க்கக் கூடாது, அது உள்ளிருக்கும் நீரை மேலே இழுத்துவிடும்.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1500 வாட் ஏர் ஃப்ரையர் ஆறரை ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். ஆகவே மிக்சிக்குரிய சின்ன 6 ஆம்பியர் துளையில் செருகாமல், ஹீட்டருக்கு இருக்கிற 16 ஆம்பியர் பவர் பிளக்கில் செருக வேண்டும். மாலையில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200 வோல்ட்டுக்கு இறங்கினால், கம்பிச்சுருள் சூடு தரும் திறன் ஏறக்குறைய முக்கால் பங்காகிவிடும். நேற்றுப் பகலில் இருபது நிமிடத்தில் வந்த நிறம் இன்று இரவு வரவில்லையென்றால் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

160 டிகிரியில் மூன்று நிமிடம் வெறும் கூடையைச் சூடேற்றிவிட்டு, துண்டுகளை அடுக்க வேண்டும். நான்கு லிட்டர் கூடையில் ஒரு தடவைக்குப் பாதிதான், அதாவது கால் கிலோ அளவுதான் ஒழுங்காகப் பரவும். கூடையின் அடித்துளைகள் அங்கங்கே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே கணக்கு. அரை கிலோவையும் ஒரே தடவையில் முடிக்க நினைப்பவர்கள் என் அப்பளக் கதையை நினைத்துக்கொள்ளலாம். 160 டிகிரியில் பத்து நிமிடம், இடையில் ஒருமுறை குலுக்கல். இந்தச் சூட்டில் நிறம் அதிகம் ஏறாது, உள்ளீரம் மட்டும் மெல்ல வெளியேறும். இதை எடுத்துத் தட்டில் பரப்பிவிட்டு, அடுத்த பாதியையும் இதேபோல் முடித்துக்கொண்டால், சாப்பிடும் நேரம்வரை அப்படியே வைத்திருக்கலாம். பரிமாறும் முன் 200 டிகிரிக்கு ஏற்றி, எட்டிலிருந்து பத்து நிமிடம், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கியபடி முடிக்க வேண்டும். முதல் சுற்றில் சுருங்கியிருப்பதால் இந்தமுறை எல்லாவற்றையும் சேர்த்தே போடலாம்.

நிமிடக் கணக்கைவிடக் காது நம்பத்தகுந்தது. தொடக்கத்தில் கூடையைக் குலுக்கினால் துண்டுகள் ஈரத்துணி விழுவது போல் தொப்பென்று விழும். பதம் வந்தபின் குலுக்கினால் காய்ந்த புளியம்பழத்தைக் கோணியில் உருட்டியது போல் கலகலவென்று ஒலிக்கும். நிறம் பொன்னிறத்தைத் தாண்டக் கூடாது. மாவுச்சத்து மிகுந்த உணவுகளை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்பதை 2002-இல் சுவீடனில் கண்டறிந்தார்கள். பழுப்பு ஏற ஏற அதன் அளவும் ஏறுகிறது. ஊறவைப்பதும் குளிர்பெட்டியைத் தவிர்ப்பதும் இந்த வகையிலும் உதவுகின்றன.

வெளியே எடுத்த கையோடு, சூட்டிலேயே தூள் உப்பைத் தூவ வேண்டும். மிளகுத்தூள் போதும் என்பது என் கட்சி. காரம் கேட்பவர்களுக்கு எள்ளு சேர்த்து அரைத்த இட்லிப் பொடியை ஒரு சிட்டிகை தூவினால், கடையில் விற்கிற எந்த மசாலாவும் அதற்கு ஈடாகாது. கறிவேப்பிலையைக் கூடைக்குள் போட வேண்டாம். விசிறிக் காற்றில் பறந்து மேலே கம்பிச்சுருளில் ஒட்டிக் கருகும். தனியே ஒரு சொட்டு எண்ணெயில் பொரித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

மீந்தால் ஹாட் பாக்ஸில் மூடி வைப்பதைப் போன்ற பிழை வேறில்லை. உள்ளிருந்து வரும் ஆவி மூடியில் முட்டித் திரும்பி, ஐந்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் தொளதொளக்க வைத்துவிடும். நிறையப் பேருக்குச் செய்ய வேண்டுமென்றால், அவித்து உலர்த்திய துண்டுகளை முதல் நாளே தட்டில் பரப்பி உறைபெட்டியில் வைத்து, இறுகியபின் பையில் போட்டுக்கொள்ளலாம். உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் செல்களைக் கிழித்து நீர் வெளியேற வழி செய்வதால், இப்படிச் செய்தவை உண்மையில் இன்னும் நன்றாகவே வரும். அவற்றை இளகவிடாமல் அப்படியே எண்ணெயில் புரட்டி, 200 டிகிரியில் பதினெட்டு நிமிடம் வைக்க வேண்டும்.

சொதியோடு நேரத்தைப் பொருத்துவதுதான் மீதி. காய்கள் இரண்டாம் பாலில் வெந்துகொண்டிருக்கும்போது முதல் சூட்டை முடித்துக்கொள்ள வேண்டும். முதல் பாலை ஊற்றத் தொடங்கும்போது இரண்டாம் சூட்டுக்குக் கூடையைத் தள்ளிவிட்டால், அடுப்பை அணைத்து, தாளித்துக் கொட்டி, சற்று ஆறியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்து, இலை போட்டு எல்லாரையும் உட்காரவைக்கிற நேரத்துக்குக் கூடை கலகலக்கும்.