போனைப் பூட்டாமல் அடக்குவது எப்படி?

வீட்டில் இருந்தபடி இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் 4,750 ரூபாய் பில் ஒன்றை 47,500 என்று பதிந்துவிட்டேன். அந்த நேரம் மேசையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் ஊர்க் குறூப்பில் குத்துவிளக்குப் படத்துடன் 'இனிய காலை வணக்கம்'. பிழையைத் தேடிப் பிடிக்க அரைநாள் போனது.

'போனை ஓஃப் பண்ணி வை' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அது சரிவராது. தங்கச்சி இருப்பது ரொறன்ரோவில். கோடையில் எங்களுக்கு இரவு 9.30 என்றால் அங்கே நண்பகல் 12, அவளுக்குச் சாப்பாட்டு நேரம். செத்தவீட்டுச் செய்தியும் இதே போனில்தான் வருகிறது. ஆகவே படலையைப் பூட்ட முடியாது, ஆளைப் பார்த்துத் திறக்கப் பழக வேண்டும்.

முதலில் அளவெடுங்கள். அன்ட்ரொய்ட் என்றால் செற்றிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோன் என்றால் 'ஸ்க்ரீன் ரைம்'. இரண்டும் 2018 இல் வந்தவை, மிகப் பழைய போனில் இருக்காது. மணித்தியாலக் கணக்கைப் பார்த்துப் பயப்படாமல், எந்த ஆப் எத்தனை நோட்டிபிகேஷன் அனுப்பியது என்று பாருங்கள். மூன்று நாள் குறித்து வைத்தால் போதும்.

இரண்டாவது, வட்ஸ்அப் குறூப்கள். 'மியூற்' கொடுத்தால் 8 மணித்தியாலம், ஒரு கிழமை, எப்போதும் என்று மூன்று தெரிவு வரும். 'எப்போதும்' போடுங்கள். நீங்கள் மியூற் செய்தது எவருக்கும் தெரியாது, மாமா கோபிக்க மாட்டார். பார்க்கவே விருப்பமில்லாத குறூப்பை 'ஆர்க்கைவ்' செய்துவிடுங்கள்.

மூன்றாவது, போனின் சத்தத்தையும் அதிர்வையும் அடக்கிவைக்கும் 'டூ நொட் டிஸ்ரேப்'. நான் சொல்வது அன்ட்ரொய்ட் முறை. அழைப்புப் பகுதியில், போனின் பெயர்ப் பட்டியலில் நீங்கள் நட்சத்திரமிட்டவர்களை மட்டும் அனுமதியுங்கள். அம்மா, தங்கச்சி, பிள்ளையின் பள்ளிக்கூடம், அவ்வளவுதான். 'ரிப்பீற் கோலர்ஸ்' என்பதையும் போட்டுவிடுங்கள். 15 நிமிடத்துக்குள் அதே ஆள் மறுபடி எடுத்தால் மணி அடிக்கும். அவசரம் என்றால் எங்கள் ஆட்கள் ஒரு தரத்தோடு விடுவார்களா?

இங்கேதான் நான் சறுக்கினேன். என் போனில் நட்சத்திரம் சாதாரண அழைப்புக்கு மட்டுமே வேலை செய்தது. தங்கச்சி எடுப்பதோ வட்ஸ்அப்பில். முதல் இரவே மூன்று மிஸ்ட் கோல், விடிந்ததும் நல்ல பேச்சு வாங்கினேன். அதே பக்கத்தில் 'ஆப்ஸ்' என்ற இடத்தில் வட்ஸ்அப்பையும் சேருங்கள். குறூப்களை முன்னரே மியூற் செய்யச் சொன்னது இதற்காகத்தான். இல்லாவிட்டால் காலை வணக்கமும் அதே வழியால் உள்ளே வந்துவிடும். எல்லாம் முடிந்ததும் தங்கச்சியை ஒருதரம் எடுக்கச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள்.

சத்தம் நின்றாலும் கை நிற்காது. ஒருவர் ஒரே திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார் என்று அமெரிக்க ஆய்வாளர் குளோரியா மார்க் 2004 இல் அளந்தபோது சராசரி இரண்டரை நிமிடம். பிந்திய அளவீடுகளில் அது ஏறத்தாழ 47 வினாடி. யாரும் கூப்பிடாமலே நாமாகவும் தாவுகிறோம் என்பதையும் அவர் கண்டார். அதனால் கணக்கு எழுதும்போது போனைக் குசினி அலுமாரியில் வைக்கிறேன். மணி அடித்தால் கேட்கும், சும்மா தடவ எட்டாது. திரையைக் கறுப்பு வெள்ளையாக்கியும் பார்த்தேன், இரண்டு நாள்தான் தாங்கியது.

காலை வணக்கங்களை இப்போது பின்னேரத் தேத்தண்ணியோடு மொத்தமாகப் பார்க்கிறேன். நேற்று 41.