காரில் முதல் நெடும்பயணம்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

சாலைப் பயணத்தின் மீது ஒருமுறை ஆசை பிறந்துவிட்டால் அது ஆயுளுக்கும் விடாது. ஆனால் அந்த ஆசை முதல் பயணத்திலேயே களைப்பிலும் மனக்கசப்பிலும் கருகிப்போவதையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அதற்குக் காரணம், ஒரே நாளில் போகக்கூடாத தூரத்தை ஒரே நாளில் கடக்க முயல்வதுதான். கையில் நேரம் மிச்சம் இருக்கும்படி திட்டமிட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே சரியாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். சொந்தக் காரில் இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு முதன்முதலாகப் புறப்படுகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: ஒரு நாளின் அளவை முடிவு செய்யுங்கள்

வரைபடச் செயலி காட்டும் நேரம் சக்கரம் உருளும் நேரம் மட்டுமே. சாப்பாடு, எரிபொருள், கழிப்பறை, வழியில் கண்ணில் பட்டு இறங்கத் தோன்றும் ஓர் ஏரிக்கரை ஆகிய எதுவும் அதில் சேராது. ஆகவே அது காட்டும் நேரத்தோடு நான்கில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். மலைப்பாதையாக இருந்தால் பாதியையே கூட்டினாலும் தவறில்லை. முதல் பயணத்தில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டும்படி வைத்துக்கொள்ள வேண்டாம். இருட்டுவதற்கு முன்பே தங்குமிடத்தை அடையும்படி புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

வேகமாக ஓட்டித் தாமதத்தை ஈடுகட்டிவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். 300 கி.மீ. தூரத்தை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கடக்க மூன்று மணி நேரம் ஆகும். இடைவிடாமல் 110 கி.மீ. வேகத்தில் போனாலும் மிச்சமாவது ஏறத்தாழ 16 நிமிடங்கள்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அந்த 16 நிமிடங்களுக்காக வண்டி 21 சதவீதம் கூடுதலான எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். எரிபொருள் செலவும் அதற்கேற்பக் கூடும். அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுவதே நல்லது.

படி 2: வழியைக் குறித்துக்கொள்ளுங்கள்

போகும்போது நெடுஞ்சாலையிலும் திரும்பும்போது கிளைச்சாலைகளிலும் வருவது புதியவர்களுக்கு ஏற்ற முறை. போகும்போது வண்டியும் ஓட்டுநரும் ஒருவருக்கொருவர் பழகிக்கொள்ள முடியும்; வரும்போது புதிய ஊர்களையும் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பகுதியின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி கைபேசியில் முன்பே இறக்கி வையுங்கள். முக்கியமான சந்திப்புகளின் பெயர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதி உடன் வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்கியதும் அடுத்து வரும் பங்க்கில் நிரப்பிவிடுவது நல்ல பழக்கம்.

படி 3: வண்டியைப் பாருங்கள்

சர்வீஸுக்கு விடுவதானால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே விட்டுவிடுங்கள். சரியாக முடுக்காத ஒரு திருகோ புதிதாகப் பொருத்திய ஒரு குழாயோ கோளாறு காட்டுவதாக இருந்தால், அன்றாட ஓட்டத்திலேயே அது தெரிந்துவிடும். இன்ஜின் ஆயில், கூலண்ட், பிரேக், விளக்குகள், வைப்பர் ஆகியவற்றை ஒரு முறை சரிபார்த்தால் போதும். டயர்களுக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகத் தெரியும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டிய வில்லையில் இருக்கும். முழுச் சுமைக்கு உரிய அளவு அதிலேயே தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால், ஐந்து பேரும் சாமானும் ஏறும் பயணத்துக்கு அதையே பின்பற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு; அதைப் பார்த்துக் காற்று நிரப்பக்கூடாது.

அதே பக்கவாட்டில், டாட் (DOT) என்னும் ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2321 என்றிருந்தால் அந்த டயர் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. தரையில் படும் டயர்ப் பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஆழத்துக்குப் பல நாடுகளில் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 1.6 மி.மீ. ஆனால் மழையில் நீரை வாரி வெளியேற்றும் திறன் அதற்கு வெகு முன்பே குறையத் தொடங்கிவிடும் என்பதால், 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்த டயரோடு மழைக்காலத்தில் நெடும்பயணம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: ஸ்டெப்னி மாற்றப் பழகுங்கள்

புதியவர்கள் பலரும் தவிர்க்கும் படி இதுதான். வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், ஒருமுறை செய்து பார்த்தால் பிறகு அச்சம் இருக்காது. முதலில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். புதிய கார்கள் சிலவற்றில் அதற்குப் பதிலாகப் பஞ்சர் அடைக்கும் திரவமும் சிறிய காற்றுப் பம்பும் மட்டுமே தரப்படுகின்றன.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, கியரில் விடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இடப்புறமாகத் திருப்பி அரைச்சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் சக்கரமே சுற்றும், வண்டியும் ஜாக்கியிலிருந்து நழுவலாம். கையேடு காட்டும் இடத்தில் மட்டும் ஜாக்கியை வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியைப் பொருத்தி, நட்டுகளைக் கையால் திருகுங்கள். இறக்கிய பின் ஒன்றுக்கு எதிராக ஒன்று என்ற வரிசையில் இறுக்குங்கள். ஐம்பது கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி ஒல்லியான வகையாக இருந்தால் அதன் மீதே வேக வரம்பு எழுதியிருக்கும். பொதுவாக அது மணிக்கு 80 கி.மீ.

கார்ப் பயணத்தின் வரலாறே வழியில் பழுது பார்த்ததில்தான் தொடங்குகிறது. 1888 ஆகஸ்டில், காரை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கி.மீ. ஓட்டிச் சென்றார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார், வீஸ்லோக்கில் ஒரு மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார், தேய்ந்த பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். அவருடைய துணிவை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

படி 5: சாமானை ஏற்றுங்கள்

கனமானவை டிக்கியின் அடியில், பின்இருக்கையை ஒட்டி இருக்கட்டும். கூரைமேல் கட்டுவது காற்றெதிர்ப்பைக் கூட்டும். தண்ணீர், முதலுதவிப் பெட்டி, டார்ச், எச்சரிக்கை முக்கோணம், வண்டியின் ஆவணங்கள் ஆகியவை மற்ற பெட்டிகளுக்கு அடியில் போய்விடக்கூடாது.

படி 6: ஓட்டும்போது

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் போகிறது. முன்னே செல்லும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் மனத்துக்குள் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு முன் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். மழையில் இந்த இடைவெளியை இரு மடங்காக்குங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றி, வேகத்தை இன்ஜினே கட்டுப்படுத்தும்படி விடுங்கள்.

தூக்கம்தான் எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதற்கு நிகராகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நள்ளிரவு முதல் விடியல் வரையிலும், பிற்பகல் 2 முதல் 4 மணி வரையிலும் உடல் இயல்பாகவே தளரும். கடந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லை என்றாலோ, வண்டி தடத்தைவிட்டு விலகினாலோ, பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துங்கள். சன்னலைத் திறப்பதும் பாட்டின் ஒலியைக் கூட்டுவதும் தூக்கத்தை விரட்டாது. ஒரு காபி குடித்துவிட்டு 15 அல்லது 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும் என்பதால், விழிக்கும் சமயத்தில் இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். களைப்பு தெரியாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: உடன் வருபவர்களுக்கும் பங்கு கொடுங்கள்

வழி சொல்லும் பொறுப்பு முன்இருக்கையில் இருப்பவருடையது. ஓட்டுநர் கைபேசியைத் தொடவே வேண்டாம். குமட்டல் வருபவர்களுக்குக் கண் காண்பதும் உட்காது உணரும் அசைவும் ஒத்துப்போகாததே காரணம். அவர்களை முன்னால் அமர்த்தி, புத்தகத்தையும் கைபேசியையும் ஒதுக்கிவிட்டுத் தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே நிறுத்தலாம் என்று முடிவு செய்யும் உரிமையை ஒவ்வொரு நாளும் ஒருவருக்குக் கொடுங்கள். குழந்தைகள் தேர்ந்தெடுத்த இடங்களே பின்னாளில் அதிகம் பேசப்படுகின்றன.

படி 8: குறிப்பு எழுதுங்கள்

ஒவ்வோர் இரவும் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், ஓடிய தூரம், நிரப்பிய எரிபொருள், நின்ற இடங்கள் ஆகியவற்றை ஒரு சிறிய நோட்டில் பதியுங்கள். வீடு திரும்பியதும், திட்டமிட்ட நேரத்துக்கும் உண்மையில் ஆன நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். முதல் படியில் நான் சொன்ன நான்கில் ஒரு பங்குக்குப் பதிலாக, உங்கள் குடும்பத்துக்கு உரிய அளவு அதில் கிடைத்துவிடும். அடுத்த பயணத்தை அதைக் கொண்டே கணக்கிடலாம்.