காலபோகத்துக்கு ஒரு சாப்பாடு, கோடைக்கு ஒரு சாப்பாடு, பின்னேரம் மைதானம்

உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்று இலங்கையின் வன்னியில் ஒருவர் வாய் திறந்தால் போதும், ஓட்ஸ் வாங்கு, ஜிம்முக்குப் போ, இரவில் சப்பாத்தி சாப்பிடு என்று போனைப் பார்த்தபடி நாலு பேர் வந்துவிடுவார்கள். வவுனியா டவுனிலோ கிளிநொச்சி டவுனிலோ இருப்பவருக்கு அது ஓரளவு சரிவரும். மல்லாவியிலோ குமுழமுனையிலோ நெடுங்கேணியிலோ இருப்பவர் ஜிம்முக்கு எங்கே போவது?

எங்களுடைய சிக்கல் வேறு. நாங்கள் இன்றைக்கும் சாப்பிடுவது அப்பா, அம்மப்பா காலத்து வயல்காரரின் சாப்பாடு. அவர்கள் பார்த்த வேலையை நாங்கள் பார்ப்பதில்லை. உழவுக்கு ட்ரக்டர், அறுவடைக்கு மெசின், வரம்பு வரை மோட்டார்சைக்கிள், ஆனால் கோப்பையில் சோறு மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கிறது. அதனால் நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான்: காலபோகத்தில், அதாவது மழைக்கால நெல் போகத்தில், வயலில் வேலை இருக்கிற மாதங்களில் வயிறாரச் சாப்பிடுங்கள், வேலை இல்லாத மாதங்களில் ஒரு அகப்பை சோற்றைக் குறைத்து, பின்னேரத்தில் ஊர்க் கழகத்தின் மைதானத்துக்குப் போங்கள். இனி எந்த மாதத்தில் எதை எப்படி என்று பார்ப்போம்.

மழைக்காலம்: இலையும் கூழும்

ஐப்பசியில் மழை பிடித்து, இரணைமடுக் குளம் 36 அடி நிரம்பி வான்கதவு திறக்கிற காலம் வரைக்கும் கடையில் மரக்கறி விலை ஏறிக்கொண்டே போகும். அதே நேரத்தில் வேலியிலும் வளவிலும் இலைவகை சும்மா கிடக்கும். முசுட்டை வேலியில் படரும், ஈரப் பக்கத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் வரும், தூதுவளை, முருங்கை, அகத்தி எல்லாம் எப்படியும் பக்கத்து வளவிலாவது இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வறை வறுக்கும்போது தேங்காய்ப்பூவை அள்ளிக் கொட்டாமல் ஒரு சின்னப் பிடியோடு நிறுத்தி, அடுப்பை அணைத்த பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள். தேசிக்காயில் இருக்கிற விற்றமின் சி இலையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும், சூட்டில் கொதிக்க விட்டால் அதில் நிறைய அழிந்துவிடும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கத்தை மட்டும் ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள், தேயிலை அந்த இரும்பைப் பிடித்து வைத்துவிடும். வயல் வரம்பில் இலை பறிப்பவர்கள் களைநாசினி எப்போது அடித்தது என்று காணிக்காரரிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள். பச்சையாக இருக்கிறதே என்று நம்பிப் பறிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மழைக்காலத்து இரவுச் சாப்பாடு என்று வந்தால் ஒடியல் கூழுக்கு மேலே ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. ஒரு துளி எண்ணெய் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, ஆனால் மீன், நண்டு, இறால், இலை, கிழங்கு, பயற்றங்காய் எல்லாம் ஒரே பானையில் கிடக்கும். ஐந்தாறு பேருக்கு கால் கிலோ ஒடியல் மா, அதாவது காய்ந்த பனங்கிழங்கு மா, தாராளம். முதலில் மாவை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து ஒரு மணித்தியாலம் அப்படியே வையுங்கள், மா அடியில் உறைந்து மேலே மஞ்சளாகத் தெளிந்த தண்ணீர் நிற்கும், அதை ஊற்றிவிட்டு இன்னொரு முறையும் அப்படிச் செய்யுங்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால் கூழ் முழுக்கக் கைக்கும், பிறகு எவ்வளவு புளி விட்டாலும் திருந்தாது. பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு பிடி புழுங்கலரிசி, பலாக்கொட்டை கிடைத்தால் அதுவும், மரவள்ளிக்கிழங்குத் துண்டு, பயற்றங்காய் போட்டு மூடாமல் அவியுங்கள் (மரவள்ளியை எப்போதும் திறந்துதான் அவிக்க வேண்டும்). அரைவேக்காட்டில் மீன் தலை, நண்டு, இறால். நந்திக்கடல் பக்கத்து ஆட்களுக்கு இறாலுக்கும் நண்டுக்கும் பஞ்சமில்லை, உள்ளுக்கு இருப்பவர்கள் குளத்து மீனிலேயே சமாளிக்கலாம், விரால் என்றால் இன்னும் விசேஷம். செத்தல் மிளகாய், மிளகு, உள்ளி, மஞ்சள் சேர்த்து அரைத்த கூட்டைப் போட்டு, கரைத்த மாவை ஊற்றிக் கை விடாமல் துழாவுங்கள். அகப்பையைத் தூக்கினால் கட்டிகட்டியாக விழாமல் வழுக்கி ஓட வேண்டும், அதுதான் பதம். கடைசியில் பழப்புளியும் முருங்கையிலையும். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அது நிரவி எடுத்த ஒரு தேக்கரண்டி. கருவாடும் ஊறுகாயும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூழுக்கும் உப்பு அள்ளிப் போட்டால் அந்தக் கணக்கு ஒரே வேளையில் முடிந்துவிடும்.

அறுவடைக்குப் பிறகு

தை, மாசியில் புது நெல் வீட்டுக்கு வரும். இதில் ஒரே ஒரு சொல்தான் எனக்குண்டு: மில்லுக்குக் கொண்டுபோகிறபோது வெள்ளை வெளேரென்று தீட்ட விடாதீர்கள். மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசியின் பெருமையே அந்தத் தவிட்டில்தான் இருக்கிறது, அதைத் தீட்டிக் கோழிக்குப் போட்டுவிட்டு மாவுச்சத்தை மட்டும் நாங்கள் சாப்பிடுவது என்ன நியாயம்? தவிடு இருக்கிற அரிசி கெதியாகப் பூச்சி பிடிக்கும் என்பதால் நெல்லாகவே வைத்து, இரண்டு மூன்று கிழமைக்கு வேண்டியதை மட்டும் குத்தி எடுங்கள்.

இதே காலத்தில் பனங்கிழங்கு கிண்டுவார்கள். அவித்த கிழங்கு இரண்டு சாப்பிட்டால் பின்னேர ரோல்ஸ், வடை ஆசை தானாக அடங்கும், நார் அவ்வளவு. மிஞ்சிய கிழங்கைப் பச்சையாகக் காய வைத்து ஒடியலாகவும், அவித்துக் காய வைத்துப் புழுக்கொடியலாகவும் எடுத்து வைத்தால் அடுத்த மாரிக்கும் ஆச்சு.

கோடை

பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரைக்கும்தான் சோதனை. சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் கிடைக்கிற காணிக்காரர் கொஞ்சப் பேர், மற்றவர்களுக்கு வயலில் வேலை இல்லை, வெயிலோ வெளியே இறங்க விடாது. நிழலில் இருந்து கதைத்து, இனிப்புத் தேத்தண்ணி நாலு தரம் குடித்து, மத்தியானம் பழையபடி முழுக் கோப்பை. சீனி வருத்தமும் பிறஷரும் இந்த மாதங்களில்தான் சத்தமில்லாமல் ஏறும்.

இப்போதுதான் அந்த ஒரு அகப்பை சோற்றைக் குறைக்க வேண்டும். அந்த இடத்தில் அவித்த பயறு, கௌபி அல்லது பருப்பு ஒரு அகப்பை, இலை வறை அல்லது கத்தரி, பூசணி, வெண்டி போன்ற ஒரு மரக்கறி இரண்டு அகப்பை. காலையில் பாணுக்குப் பதிலாகக் குரக்கன் புட்டோ ரொட்டியோ. குரக்கனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, பால் குடிக்காத வீட்டில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று ஒரு கதை ஊரில் ஓடுகிறது, அது பிழை. அதுவும் மாச்சாப்பாடுதான், சீனி வருத்தக்காரர் அளவோடுதான் சாப்பிட வேண்டும், அதைச் சீனி போட்டுக் கஞ்சியாகக் குடிப்பதில் ஒரு லாபமும் இல்லை.

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு பாலைப்பழம் வரும், ரோட்டோரத்தில் வைத்து விற்பார்கள், உதடு ஒட்ட ஒட்டச் சாப்பிடுகிற சுகம் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. இனிப்பு அதிகம், அதனால் விளையாடப் போவதற்கு முன் ஒரு கைப்பிடி நல்லது, வேலை இல்லாமல் இருந்து ஒரு கிண்ணம் முடிப்பது நல்லதில்லை. காட்டுக்குள் தாங்களே பறிக்கப் போகிறவர்கள் பழகிய பாதையை விட்டு விலகாதீர்கள். கண்ணிவெடிக்கான சிவப்பு எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் அதற்கப்பால் பழமும் வேண்டாம், விறகும் வேண்டாம்.

வெயில் நேரத்துக்கு மோர், தேசிக்காய்த் தண்ணி, இளநீர். சோடாப் போத்தலை விட்டுவிடுங்கள். குடிக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். ஏற்கெனவே சிறுநீரக வருத்தம் இருப்பவர் மட்டும் இளநீர், இலைவகை, பருப்பு எல்லாவற்றையும் கிளினிக் வைத்தியரிடம் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும், அவர்களுக்குப் பொற்றாசியம் கூடினால் ஆபத்து.

சரி, கழகத்துக்கு எப்படிப் போவது?

எங்கள் பக்கத்தில் விளையாட்டுக் கழகம் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் சனசமூக நிலையத்துக்குப் பக்கத்திலோ பள்ளிக்கூட மைதானத்திலோ பின்னேரம் நாலரை, ஐந்து மணிக்குக் கூடுவார்கள். தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள், பதிவான கழகங்களின் பட்டியல் அங்கே இருக்கும். இளைஞர் கழகம் வேறு, அதற்கு வயதெல்லை 29, நாற்பது வயதுக்காரர் விளையாட்டுக் கழகத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

நாற்பது தாண்டியவர்கள் முதல் நாளே உதைபந்தாட்டத்தில் இறங்காதீர்கள். இருபது வயதுப் பொடியன் ஒருவன் வந்து மோதினால் முழங்காலோடு உங்கள் ஆர்வமும் போய்விடும். முதல் இரண்டு மூன்று கிழமை மைதானத்தைச் சுற்றி வேகமாக நடவுங்கள், மூச்சு வாங்க வேண்டும், ஆனால் கதைக்க முடிய வேண்டும், அதுதான் அளவு. கிழமைக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணித்தியாலம், இது பெரியவர்களுக்குக் குறைந்தபட்சம் என்று வைத்திருக்கிறார்கள். பிறகு கரப்பந்தாட்டம். 1991 முதல் நாட்டின் தேசிய விளையாட்டே அதுதான், மற்றவர் மேல் மோதுகிற விளையாட்டும் இல்லை. 18 மீற்றருக்கு 9 மீற்றர் களமும் சுற்றிவர ஓட இடமும் ஒரு வலையும் இருந்தால் ஊரே விளையாடலாம். புதிதாகப் போகிறவர் பின்வரிசையில் நின்று பந்தெடுக்கப் பழகுங்கள், குனிந்து நிமிர்வதிலேயே தொடையும் இடுப்பும் கேள்வி கேட்கும். பாய்ந்து அடிப்பதெல்லாம் பிறகு. பத்து நிமிடம் கைகால் உதறி உடம்பைச் சூடாக்காமல் களத்தில் இறங்கினால் அடுத்த நாள் காலையில் கட்டிலில் இருந்து இறங்குவதே பெரும்பாடாகிவிடும்.

பந்து வாங்கக் காசில்லை என்றால் கிளித்தட்டு இருக்கிறது. மண்வெட்டியால் கோடு கீறினால் மைதானம் தயார். மறிப்பவரை ஏமாற்றி ஒரு கோட்டில் இருந்து அடுத்த கோட்டுக்குப் பாய்வது, நின்று திரும்புவது, மறுபடி பாய்வது, இதைத்தான் டவுனில் காசு வாங்கிக்கொண்டு வேறு பெயரில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து ஆடலாம் என்பது இன்னொரு வசதி.

பெண்களுக்குக் கழகத்தில் இடம் குறைவு என்பது உண்மை, மைதானத்தை ஆண்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குள்ளேயே பத்துப் பேர் சேர்ந்து கழக நிர்வாகத்திடம் கிழமையில் இரண்டு பின்னேரம் எழுத்தில் கேளுங்கள், வலைப்பந்தாட்டமோ, மட்டையால் பந்தடித்து ஓடுகிற எல்லேயோ போடலாம். வாய்ப்பேச்சாகக் கேட்டால் பார்ப்போம் என்று சொல்லி விடுவார்கள், பொதுக்கூட்டத்தில் எழுத்தாக வைத்தால் மறுக்கக் கூச்சப்படுவார்கள். அதுவரைக்கும் காலையில் குளக்கட்டில் நடை. யானை நடமாட்டம் உள்ள ஊர் என்றால் நன்றாக விடிந்த பிறகு, கூட்டமாக.

கழகத்தில் பிடிக்காததும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். சில இடங்களில் ஆட்டம் முடிந்ததும் போத்தல் திறக்கிற ஒரு கூட்டம் இருக்கும், இன்னும் சில இடங்களில் இறுதிப்போட்டி என்றால் சண்டையில்தான் முடியும். இரண்டையும் விட்டு விலகி நின்று விளையாட முடியும், வெட்கப்பட வேண்டாம். ஆட்டத்துக்குப் பிறகு கொறிக்க ரோல்ஸும் சோடாவும் வாங்குவதற்குப் பதிலாக முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் இருந்தும் அவித்த கச்சானோ கௌபியோ கொண்டுவரச் சொல்லுங்கள். செலவும் குறைவு, எரித்ததைத் திரும்ப ஏற்றுகிற வேலையும் இல்லை.

தொடங்குவதற்கு முன் 35 வயது தாண்டியவர்கள் அரச ஆஸ்பத்திரியில் சீனியும் பிறஷரும் பார்த்துவிடுங்கள், அந்த வயதுக்காரருக்கென்றே இலவசப் பரிசோதனைக் கிளினிக் நடக்கிறது. இடுப்பையும் ஒரு நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். எங்கள் ஆட்களுக்கு ஆண் என்றால் 90 சென்ரிமீற்றர், பெண் என்றால் 80, அதற்கு மேலே போனால் கவனிக்க வேண்டும். தராசை விட நாடா நேர்மையானது, ஏனென்றால் விளையாடத் தொடங்கிய புதிதில் நிறை இறங்காமல் இடுப்பு மட்டும் இறங்குவது வழக்கம்.

மறுபடி மாரி வந்து மைதானத்தில் தண்ணீர் நின்றால், காலில் வெட்டுக்காயத்தோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வருகிற பாதை அதுதான். வயலில் இறங்குகிறவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் விளையாட்டு நின்றால் நிற்கட்டும், வயலில்தான் வேலை இருக்கிறதே. வயல் இல்லாதவர்கள் சனசமூக நிலையத்து மண்டபத்தில் கரம் பலகையைச் சுற்றி இருந்துவிடாமல், மழை விட்ட பின்னேரங்களில் தார் ரோட்டில் நடக்கலாம்.