பழைய படத்தில் இருப்பது ஊஸிதானா?

பத்திரிகையில் படக்குறிப்பு எழுதுவது என் வேலை. ஊஸி என்பது இஸ்ரேலின் சப்மெஷின் கன், அதாவது கைத்துப்பாக்கித் தோட்டாக்களை விடாமல் சுடும் கட்டையான துப்பாக்கி. படம் அனுப்புகிறவர்கள் கட்டையான துப்பாக்கி எதைப் பார்த்தாலும் ‘ஊஸி’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். சரிபார்க்க நான் செய்வது இது.

முதலில் கைப்பிடியைப் பாருங்கள். மேகசின், அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி, அதற்குள்ளேயே செருகியிருக்க வேண்டும். பிரிட்டனின் ஸ்டென் துப்பாக்கியில் போல இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஊஸி இல்லை, அத்தோடு விட்டுவிடலாம்.

இந்த அமைப்புக்குக் காரணம் உண்டு. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, பின்பக்கத்தை அடைக்கும் இரும்புப் பாகம் போல்ட். பழைய சப்மெஷின் கன்களில் அது முழுவதும் குழலுக்குப் பின்னால்தான் இருக்கும். அதனால் நீளம் கூடும். இஸ்ரேல் ராணுவத்தின் உஸியல் கால் என்பவர் 1940களின் கடைசியில் ஊஸியை வடிவமைத்தபோது, போல்ட்டின் முன்பகுதி குழலின் பின்பகுதியைப் போர்த்திக்கொள்ளும்படி செய்தார். மேகசின் கைப்பிடிக்குள் போக இடம் கிடைத்தது. 26 சென்டிமீட்டர் குழல் இருந்தும், தோளில் முட்டுக்கொடுக்கும் பின்பகுதியான ‘பட்’டை மடக்கினால் மொத்த நீளம் 47 சென்டிமீட்டர்தான். இருட்டில் மேகசின் மாற்றுகிறவனுக்கும் வசதி: ஒரு கை இன்னொரு கையைத் தேடிப் போனால் போதும்.

ஆனால் கைப்பிடியை மட்டும் நம்பி எழுதிவிடாதீர்கள். செக்கோஸ்லோவாகியாவின் 23ஆம் மாடலிலும் இதே ஏற்பாடுதான். அதுவும் 1940களின் கடைசியில் வந்ததே. அதன் உடல் உருண்டைக் குழாய். ஊஸியின் உடல் தகட்டை அழுத்திச் செய்த நீள்சதுரப் பெட்டி. அமெரிக்காவின் மேக்-10தான் ஆளை ஏமாற்றும், அதுவும் பெட்டிதான். அதன் பக்கங்கள் மொழுமொழுவென்று இருக்கும். ஊஸியின் பக்கங்களில் அழுத்திய வரிகள் தெரியும், விசைக்கு முன்னால் கை வைத்துப் பிடிக்க ஒரு பிடியும் உண்டு.

அப்புறம் காலம். மரப் பட் இருந்தால் பெரும்பாலும் ஆரம்பகாலத் துப்பாக்கி. மடக்கும் இரும்புப் பட் பிறகு வந்தது. மரத்தை வைத்து மட்டும் ஆண்டைச் சொல்லாதீர்கள், பழைய துப்பாக்கிகள் பல வருடம் புழக்கத்தில் இருந்தன. மினி ஊஸி வந்தது 1980இல். ‘1973 அரபு-இஸ்ரேல் போர்’ என்று வந்த படத்தில் அது இருந்தால் தேதி தவறு. நாட்டையும் துப்பாக்கியை வைத்து முடிவு செய்ய முடியாது. பெல்ஜியத்தில் உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள், மேற்கு ஜெர்மனி ராணுவமும் வைத்திருந்தது. 1981இல் அமெரிக்க அதிபர் ரீகன் சுடப்பட்ட இடத்தில் எடுத்த படங்களில் ஊஸியோடு நிற்பவர் அமெரிக்கப் பாதுகாவலர்.

பக்கவாட்டு வரிகள் தெரியாத அளவுக்குப் படம் மங்கலா? ‘சப்மெஷின் கன்’ என்று மட்டும் எழுதுங்கள்.